ஆலங்கட்டிக்கு ஓர் அளவுகோல்

திருநெல்வேலியிலிருந்து தென்காசிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் பாவூர்சத்திரத்தைக் கடந்து செல்வோர் அவ்வூரின் காய்கறிச் சந்தையைக் கவனியாமல் செல்ல இயலாது. சுற்றுப்புறச் சிற்றூர்களின் தோட்டங்களில் விளைந்த கத்தரியும் வெண்டையும் தக்காளியும் முருங்கையும் சின்ன வெங்காயமும் அங்கே வந்து குவிகின்றன. விலை பேசி முடிந்தபின் அவற்றில் ஒரு பெரும்பங்கு செங்கோட்டை வழியாக மலையைக் கடந்து கேரளத்திற்குச் செல்கிறது. உழவருக்கும் வணிகருக்கும் இடையே அச்சந்தையில் நடுவராக நிற்பது தராசு. அந்தத் தராசை நம்பலாம் என்று நமக்கு உறுதி கூறுவது எது? அதன்மேல் பதிக்கப்பட்டுள்ள அரசு முத்திரை. குறித்த கால இடைவெளியில் ஆய்வாளர் தம்மிடமுள்ள தரமான எடைகளைக் கொண்டு அதனைச் சோதிக்கிறார். அவருடைய எடைகளும் அவற்றைவிடத் துல்லியமான வேறு எடைகளோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்டவை. இவ்வாறு படிப்படியாக ஏறிச் சென்றால், புதுதில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம் பேணிவரும் நாட்டின் தலைமை அளவுகளை அடைவோம். கத்தரிக்காய் நிறுக்கும் தராசுக்குப் பின்னால் இத்தனை நீண்டதொரு சங்கிலி உண்டு.

இனி வேறொரு காட்சியை எண்ணிப் பார்ப்போம். பங்குனி, சித்திரை மாதத்தின் பிற்பகல் ஒன்றில் மேற்கு மலைக்கு மேல் கருமேகம் திரள்கிறது. இடி முழங்குகிறது. காற்று திடீரெனக் குளிர்கிறது. ஓட்டுக்கூரையில் சடசடவென்று கல் விழும் ஓசை கேட்கிறது. சிறுவர்கள் முற்றத்திற்கு ஓடி ஆலங்கட்டி பொறுக்குகிறார்கள். கால் மணி நேரத்தில் எல்லாம் உருகிவிடுகிறது. மறுநாள் தோட்டத்திற்குச் சென்ற உழவர், கிழிந்த வாழையிலைகளையும் தழும்பு விழுந்த காய்களையும் கண்டு நிற்கிறார். எவ்வளவு பெரிய கல் விழுந்தது என்று அவரைக் கேட்கிறோம். ஒருவர் சுண்டைக்காய் அளவு என்கிறார். மற்றொருவர் அரைநெல்லிக்காய் என்கிறார். மூன்றாமவர் எலுமிச்சை அளவு என்று கைவிரலைக் குவித்துக் காட்டுகிறார். மூவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் சந்தையில் தராசுக்கு உள்ள முத்திரை இவர்களுடைய கண்ணுக்கு இல்லை.

ஆலங்கட்டியின் பருமனை அளக்க மனிதர் செய்த கருவிகளையும், அக்கருவிகளை நம்பத் தகுந்தவையாக்க அவர்கள் பட்ட பாட்டையும் இக்கட்டுரையில் காண்போம். உருகி ஓடிப்போகும் ஒரு பொருளைப் பற்றிய சாட்சியத்தை எவ்வாறு நிலைநிறுத்துவது என்பதே இவ்வரலாற்றின் மையக் கேள்வி.

மரக்காலில் அளந்த மழை

ஆலங்கட்டி தமிழருக்குப் புதிதன்று. சங்க இலக்கியம் அதனை ஆலி என்று குறிப்பிடுகிறது. கல்மழை என்பதும் வழக்கில் உள்ளது. வானத்திலிருந்து விழுவதை அளக்க வேண்டும் என்ற எண்ணமும் நம்மிடம் பழமையானதே. இன்றும் பஞ்சாங்கங்கள் இவ்வாண்டு இத்தனை மரக்கால் மழை என்று கணித்துச் சொல்வதைக் காண்கிறோம். உழவர்களோ ஓர் உழவு மழை, இரண்டு உழவு மழை என்று மண் நனைந்த ஆழத்தைக் கொண்டு அளந்தனர். கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் ஒரு படி மேலே சென்று, பண்டகசாலையின் முன்னே ஒரு முழ அகல வாயுள்ள கலத்தை வைத்து மழையை அளக்கச் சொல்கிறது. வாயின் அகலத்தை அது வரையறுத்திருப்பது கவனிக்கத் தக்கது. அகலம் தெரியாத கலத்தில் தேங்கிய நீரால் எதையும் அறிய முடியாது.

அளவுகளை ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கும் வழக்கமும் நம் மண்ணில் வேரூன்றியிருந்தது. தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளில், முதலாம் இராசராசன் காலத்து ஆடவல்லான் என்னும் மரக்கால் இராசகேசரி என்னும் மரக்காலுக்கு ஒத்தது என்று பொறிக்கப்பட்டுள்ளது. கோயிலுக்கு வரும் நெல்லை எந்த மரக்காலால் அளந்தாலும் கணக்குத் தவறக்கூடாது என்பதே அதன் நோக்கம். ஓர் அளவை மற்றொரு நிலையான அளவோடு ஒப்பிட்டு, அந்த ஒப்பீட்டைப் பலரும் காண எழுதி வைப்பதை இன்று அறிவியலார் அளவுத்திருத்தம் என்கின்றனர். பெயர் புதிது, செயல் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் ஏறிவிட்டது.

பிற்காலத்தில் ஐரோப்பியக் கருவிகள் வந்தன. சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792ஆம் ஆண்டில் வானாய்வு நிலையம் அமைந்தது. சென்னையின் மழைக் கணக்கு 1813 முதல் நமக்குக் கிடைக்கிறது. நம் பகுதிக்கு அண்மையிலும் ஒரு துணிச்சலான முயற்சி நடந்தது. திருவனந்தபுரம் வானாய்வு நிலையத்தின் தலைவராயிருந்த ஜான் ஆலன் பிரவுன், பொதிகைத் தொடரின் அகத்தியமலை உச்சியில், ஏறத்தாழ 6,200 அடி உயரத்தில், 1855ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு நிலையத்தை அமைத்தார். அடிவாரத்திலும் உச்சியிலும் ஒரே வேளையில் அளவெடுத்து ஒப்பிட அவர் விரும்பினார். இத்தகைய ஆய்வில், இரண்டு இடங்களின் கருவிகளும் ஒரே மொழி பேச வேண்டும். அவை ஒன்றுக்கொன்று மாறுபட்டால், வேறுபாடு மலையினுடையதா கருவியினுடையதா என்று எவராலும் சொல்ல இயலாது.

இந்திய வானிலைத் துறை 1875ஆம் ஆண்டில் ஹென்றி பிளான்போர்டின் தலைமையில் தோன்றியதற்கும் இதுவே ஒரு காரணம். மாகாணங்கள் தனித்தனியே நடத்திவந்த பதிவுகளை ஒரே முறையின்கீழ்க் கொண்டுவர வேண்டியிருந்தது. அக்காலத்தில் வெப்பமானிகளும் காற்றழுத்தமானிகளும் இங்கிலாந்தின் கியூ ஆய்வு நிலையத்தில் சோதிக்கப்பட்டு, எந்த இடத்தில் எவ்வளவு பிழை காட்டும் என்ற சான்றிதழோடு கப்பலேறின. கருவி பிழையற்றது என்று அச்சான்றிதழ் கூறவில்லை. பிழை இவ்வளவு என்றே கூறியது. அந்த நேர்மையே அதன் மதிப்பு.

மழைமானியிலும் இதே நியாயம் உண்டு. நெடுங்காலம் நம் நாட்டில் பயன்பட்ட சைமன்ஸ் மழைமானியின் வாய் 127 மில்லிமீட்டர் விட்டமுள்ளது. அதில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 127 மில்லிலிட்டர் நீர் சேரும். அதற்கென்று கோடிடப்பட்ட கண்ணாடிக் குவளை 10 என்று காட்டும். 200 சதுர சென்டிமீட்டர் வாயுள்ள வேறொரு மழைமானியின் குவளையைத் தவறி எடுத்து அந்த நீரை ஊற்றினால், அது 6.3 என்றே காட்டும். நீர் அதே நீர். மழை அதே மழை. குவளை மாறியதால் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட மழை கணக்கிலிருந்து காணாமல் போகிறது.

மழைமானியால் ஆலங்கட்டியை அளக்க முடியுமா? கற்கள் அதன் விளிம்பில் பட்டுத் தெறித்து ஓடும். உள்ளே விழுந்தவையோ உருகி நீராகிவிடும். பத்துச் சிறு கற்கள் விழுந்தனவா, ஒரு பெருங்கல் விழுந்ததா என்று அந்த நீர் சொல்லாது. ஆனால் உழவருக்கும் ஓட்டுக்கூரைக்கும் வேண்டிய செய்தி அதுவே.

வாத்து முட்டையும் கிரிக்கெட் பந்தும்

1888ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள், வட இந்தியாவில் மொராதாபாத்துக்கு அருகே பெய்த ஆலங்கட்டி மழையில் 246 பேர் மாண்டனர். ஆலங்கட்டியால் நேர்ந்த மிகப் பெரிய உயிரிழப்பு இதுவே என்று உலக வானிலை அமைப்பு 2017ஆம் ஆண்டில் அறிவித்தது. அன்று விழுந்த கற்கள் வாத்து முட்டை அளவிலும் ஆரஞ்சுப் பழ அளவிலும் கிரிக்கெட் பந்து அளவிலும் இருந்தன என்பது நமக்கு எஞ்சியுள்ள சாட்சியம்.

இம்மூன்றையும் சற்றே நிறுத்துப் பார்ப்போம். வாத்து முட்டை வாத்துக்கு வாத்து மாறும். ஆரஞ்சுப் பழமும் அப்படியே. கிரிக்கெட் பந்து மட்டும் விதிமுறைப்படி 22.4 முதல் 22.9 சென்டிமீட்டர் சுற்றளவு உடையது. அதாவது, அதன் விட்டம் ஏறத்தாழ 7.2 சென்டிமீட்டர். எனவே இச்சாட்சியத்தில் அளவுத்திருத்தம் பெற்ற ஒரே பொருள் விளையாட்டுப் பந்துதான். அவ்வளவு பெரிய பனிக்கட்டி ஏறத்தாழ 175 கிராம் எடையிருக்கும். அது மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் தரையை அடையும். திறந்த வயலில் தலைக்கு மேல் மறைவின்றி நின்றவர்களின் கதியை நாம் ஊகிக்கலாம்.

பருமனில் சிறு தவறு நேர்ந்தால் என்ன என்று சிலர் கருதக்கூடும். அதற்கும் ஒரு கணக்கு உண்டு. உருண்டையின் விட்டம் இரு மடங்கானால் அதன் எடை எட்டு மடங்காகும். காற்றின் தடையை மீறி அது விழும் வேகமும் ஏறத்தாழ 1.4 மடங்காகும். எடையையும் வேகத்தின் இருபடியையும் சேர்த்துக் கணக்கிட்டால், மோதும் ஆற்றல் பதினாறு மடங்காகிறது. சுருங்கக் கூறின், ஆற்றல் விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப உயர்கிறது. விட்டத்தை அளப்பதில் நூற்றுக்குப் பத்து மிகையாகச் சொன்னால், ஆற்றலில் நூற்றுக்கு 46 மிகையாகிறது. எலுமிச்சைக்குப் பெயர்பெற்ற புளியங்குடியில் போய்ப் பார்த்தால் 3 சென்டிமீட்டர் பழமும் கிடைக்கும், 5 சென்டிமீட்டர் பழமும் கிடைக்கும். அந்த இரண்டு அளவுகளில் விழும் ஆலங்கட்டிகளின் மோதல் ஆற்றலோ ஏறத்தாழ எட்டு மடங்கு வேறுபடும். எலுமிச்சை அளவு என்ற சொல்லுக்குள் இத்தனை பெரிய இடைவெளி ஒளிந்திருக்கிறது.

மணியோசையும் பீரங்கியும்

அளவு இல்லாத இடத்தில் நம்பிக்கையும் அச்சமும் குடியேறுவது இயல்பு. ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்கள் நெடுங்காலமாகவே ஆலங்கட்டிக்கு அஞ்சி வாழ்ந்தவை. கருமேகம் திரண்டதும் ஆலய மணிகளை இடைவிடாது ஒலிக்கச் செய்யும் வழக்கம் அங்கே பல ஊர்களில் இருந்தது. மணியோசை மேகத்தைக் கலைக்கும் என்று மக்கள் எண்ணினர். உயர்ந்த கோபுரத்தின் கீழ் நனைந்த கயிற்றைப் பிடித்து நின்றவர்களில் சிலர் மின்னலுக்கு இரையாயினர் என்பது வருந்தத்தக்க உண்மை.

மணியின் இடத்திற்குப் பின்னர் பீரங்கி வந்தது. அன்றைய ஆஸ்திரியாவின் ஸ்டிரியா மாநிலத்தில், இன்று சுலோவேனியாவைச் சேர்ந்த ஒரு சிற்றூரில், ஆல்பர்ட் ஸ்டைகர் என்னும் திராட்சைத் தோட்ட உரிமையாளர் 1896ஆம் ஆண்டில் பெரிய இரும்புப் புனல்கள் பொருத்திய பீரங்கிகளை மேகத்தை நோக்கி வெடிக்கச் செய்தார். அவ்வாண்டு அவருடைய பகுதியில் ஆலங்கட்டி விழவில்லை. செய்தி காட்டுத்தீயெனப் பரவிற்று. சில ஆண்டுகளுக்குள் இத்தாலியில் ஆயிரக்கணக்கான பீரங்கிகள் வானை நோக்கி நின்றன. 1902ஆம் ஆண்டில் கிராஸ் நகரில் பன்னாட்டு மாநாடு கூடியது. ஆஸ்திரிய, இத்தாலிய அரசுகள் முறையான சோதனைக்கு இரண்டு பகுதிகளைத் தேர்ந்தன. அவ்விரு பகுதிகளிலுமே ஆலங்கட்டி விழுந்து சேதம் விளைவித்தது. 1904ஆம் ஆண்டுக்குப் பின் அந்த ஆரவாரம் அடங்கிற்று.

இதனை நாம் நகைப்புக்காகக் கூறவில்லை. ஆண்டு முழுவதும் உழைத்த விளைச்சல் பத்து நிமிடத்தில் சிதைவதைக் கண்டவர்கள் எதையேனும் செய்யத் துடித்தார்கள். ஆலங்கட்டி ஓர் ஊரில் விழும், அடுத்த ஊரில் விழாது. ஓர் ஆண்டு விழும், மறு ஆண்டு விழாது. விழாத ஆண்டில் பீரங்கிக்குப் பெயர் கிடைத்தது. எங்கே, எவ்வளவு, எத்தனை பெரிய கல் விழுந்தது என்பதைப் பக்கச்சார்பின்றிப் பதிந்து வைக்கும் சாட்சி வயலில் இல்லாததே குறை.

தழும்பைப் படிக்கும் பலகை

அந்தச் சாட்சி 1960ஆம் ஆண்டில் மிக எளிய உருவில் வந்தது. அமெரிக்காவின் கொலராடோவில் ஷ்லூசெனரும் ஜென்னிங்ஸும் ஒரு முறையை வெளியிட்டனர். நாம் தெர்மோகோல் என்று அழைப்பதைப் போன்ற நுரைப் பலகை ஒன்றை அலுமினியத் தகட்டுத் தாளால் போர்த்தி, வயலில் ஒரு தாங்கியின்மேல் கிடையாக வைப்பதே அம்முறை. பின்னாளில் இப்பலகை ஒரு சதுர அடி அளவில் வழக்கத்துக்கு வந்தது. ஆலங்கட்டி அதன்மேல் மோதிப் பள்ளம் பதிக்கும். கல் உருகிவிடும், தழும்பு நிற்கும். மழை ஓய்ந்தபின் பலகையை எடுத்து மை தோய்ந்த உருளையை அதன்மேல் ஓட்டினால், சமதளம் கறுத்துப் பள்ளங்கள் மட்டும் வெளிறித் தெரியும். அவற்றை எண்ணலாம், அவற்றின் குறுக்களவை அளக்கலாம்.

ஆயினும் பள்ளத்தின் அளவு கல்லின் அளவு அன்று. 2 சென்டிமீட்டர் கல் எவ்வளவு அகலமான பள்ளத்தை உண்டாக்கும் என்று பலகைக்குத் தெரியாது. அதை நாம் முன்கூட்டியே கற்பித்து வைக்க வேண்டும். அளவுத்திருத்தம் இங்கேதான் தொடங்குகிறது. உண்மையான பனிக்கட்டியை மேலிருந்து போட்டுப் பார்க்கலாமே என்று தோன்றும். ஆனால் மேகத்திலிருந்து விழும் 2 சென்டிமீட்டர் கல் ஏறக்குறைய நொடிக்கு 19 மீட்டர் வேகம் பெறுகிறது. காற்றே இல்லாவிட்டாலும் அவ்வேகத்தைப் பெற 18 மீட்டர் உயரத்திலிருந்து போட வேண்டும். காற்றின் தடை இருப்பதால் அதனினும் உயரம் வேண்டும். அத்தனை உயரத்திலிருந்து ஒரு சிறு பலகையின்மேல் குறி தவறாமல் போடுவது எளிதன்று.

ஆகவே ஆய்வாளர்கள் எஃகுக் குண்டுகளை நாடினர். எஃகு பனிக்கட்டியைவிட எட்டு மடங்குக்கும் அதிகமான அடர்த்தி உடையது. ஆதலால் அதே பருமனுள்ள எஃகுக் குண்டு, மிகக் குறைந்த உயரத்திலிருந்து விழுந்தாலே பனிக்கட்டியின் மோதல் ஆற்றலைப் பெற்றுவிடும். மேற்சொன்ன 2 சென்டிமீட்டர் கல்லுக்கு ஈடாக, அதே அளவுள்ள எஃகுக் குண்டை ஏறத்தாழ 2 மீட்டர் உயரத்திலிருந்து விட்டால் போதும். 4 சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 4 மீட்டர். பல பருமனுள்ள குண்டுகளை இவ்வாறு கணக்கிட்ட உயரங்களிலிருந்து விட்டு, ஒவ்வொன்றும் பதித்த பள்ளத்தை அளந்து, ஒரு வரைபடத்தில் குறிப்பர். பின்னர் வயலிலிருந்து வரும் பலகையின் தழும்பை அவ்வரைபடத்தோடு ஒப்பிட்டுக் கல்லின் பருமனைக் கூறுவர்.

இத்தோடு வேலை முடிந்துவிடவில்லை. தொழிற்சாலையிலிருந்து வரும் நுரைப் பலகைகள் எல்லாம் ஒரே கடினம் உடையவை அல்ல. ஒரு தொகுதிக்குச் செய்த வரைபடம் அடுத்த தொகுதிக்குப் பொருந்தாமல் போகலாம். எனவே ஒவ்வொரு தொகுதியையும் தனியே சோதிக்க வேண்டும். வெயிலில் கிடந்த பலகை நாளடைவில் தன் இயல்பு மாறும். காற்று வேகமாக அடித்தால் கல் சாய்வாக மோதி நீள்வட்டப் பள்ளத்தை உண்டாக்கும். எஃகு உடையாது, பனிக்கட்டியோ மோதும்போது சிதறலாம். கற்கள் எல்லாம் உருண்டையாக இருப்பதுமில்லை. இக்குறைகளை ஆய்வாளர்கள் மறைக்கவில்லை. லொசாவ்ஸ்கியும் ஸ்டிராங்கும் 1978ஆம் ஆண்டிலும், லாங் முதலானோர் 1980ஆம் ஆண்டிலும் இப்பலகையின் அளவுத்திருத்தத்தையே பொருளாகக் கொண்டு தனி ஆய்வுரைகள் வெளியிட்டனர். ஒரு நுரைப் பலகைக்கு இத்தனை ஆராய்ச்சியா என்று வியப்போம். சந்தைத் தராசின் முத்திரையை நினைத்தால் வியப்பு நீங்கும்.

இந்த உழைப்புக்கு விரைவிலேயே பயன் கிடைத்தது. சோவியத் நாட்டில் மேகத்திற்குள் வெள்ளி அயோடைடு போன்ற பொருள்களை ஏவி ஆலங்கட்டியைப் பெரிதும் குறைத்துவிட்டதாகச் செய்திகள் வந்துகொண்டிருந்த காலம் அது. அமெரிக்கர் கொலராடோவின் வடகிழக்கில் 1972 முதல் 1974 வரை மேகங்களில் மருந்து தூவிச் சோதனை நடத்தினர். சுவிட்சர்லாந்தில் இத்தாலியரும் பிரெஞ்சுக்காரரும் சேர்ந்து 1977 முதல் 1981 வரை, சோவியத் முறையையே பின்பற்றி ராக்கெட்டு ஏவிப் பார்த்தனர். வயல்களில் பலகைகளும் வானை நோக்கி ராடாரும் காவலிருந்தன. இரண்டு சோதனைகளிலும், எதிர்பார்த்த குறைவு நிகழ்ந்தது என்று புள்ளிவிவரப்படி நிலைநாட்ட முடியவில்லை. எழுபது ஆண்டுகளுக்கு முன் பீரங்கிகளை ஏந்தி நின்றவர்களுக்குக் கிட்டாத ஒரு தெளிவு இம்முறை கிட்டியது. ஏமாற்றம் தரும் விடைதான். எனினும் பொய்யான ஆறுதலுக்குச் செலவிடும் பணத்தையும் காலத்தையும் அது மிச்சப்படுத்தியது.

உருகிப்போன சான்று

இன்று ஆலங்கட்டியைக் காணும் கருவிகள் பெருகியுள்ளன. சென்னையில் 2002ஆம் ஆண்டு முதல் டாப்ளர் ராடார் இயங்கத் தொடங்கியது. பிற நாடுகளில், மோதலின் அதிர்வைக் கொண்டு கல்லின் அளவைத் தானே கணிக்கும் உணரிகளும் வந்துவிட்டன. சுவிட்சர்லாந்து அத்தகைய 80 உணரிகளை நிறுவியுள்ளது. ஆயினும் ராடார் காண்பது மேகத்தினின்று மீண்டு வரும் அலையை மட்டுமே. அந்த அலைக்குரிய கல் எவ்வளவு பெரியது என்று அதற்கும் தரையிலிருந்து ஒருவர் அளந்து சொல்லித்தான் கற்பிக்க வேண்டியுள்ளது.

தரையில் கிடக்கும் சான்றோ நம் கண்முன்னே கரைகிறது. அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்தில் விவியன் என்னும் சிற்றூரில் 2010ஆம் ஆண்டு ஜூலை 23ஆம் நாள் விழுந்த கல் 20.3 சென்டிமீட்டர் விட்டமும் ஏறத்தாழ 880 கிராம் எடையும் கொண்டது. அந்நாட்டில் அளக்கப்பட்டவற்றில் இதுவே பெரியது. அதைக் கண்டெடுத்தவர் குளிர்பெட்டியில் பத்திரப்படுத்தினார். ஆனால் இடையில் மின்சாரம் தடைபட்டதால், முறையாக அளப்பதற்குள் கல் சிறிது உருகிவிட்டது. ஆகவே பதிவேட்டில் உள்ளது எஞ்சிய கல்லின் அளவே. வங்காளதேசத்தின் கோபால்கஞ்சில் 1986ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் 1.02 கிலோகிராம் எடையுள்ள கல் விழுந்ததாகப் பதிவாகியுள்ளது. அன்று 92 பேர் உயிரிழந்தனர்.

நம் தென்காசிப் பகுதியில் இத்தகைய பேரழிவு நேர்வதில்லை. வெப்ப மண்டலத்தில் நீர் உறையும் குளிர்நிலை ஏறத்தாழ 5 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து விழும் சிறு கற்கள் தரையை அடையுமுன் வெப்பக் காற்றில் உருகி மழைத்துளியாகிவிடுகின்றன. வலிய இடிமேகத்தில் உருவான பெரிய கற்கள் மட்டுமே நம் ஓட்டைத் தட்டுகின்றன. அரிதாக வருவதால் அதற்கு நாம் ஆயத்தமாக இருப்பதில்லை. அரிதாக வருவதாலேயே ஒவ்வொரு முறையும் அதனைப் பதிந்து வைப்பது முக்கியமாகிறது.

இழப்பின் கணக்கு

இது அறிவியலாரின் ஆவலுக்காக மட்டும் அன்று. 2014ஆம் ஆண்டு பிப்ரவரி, மார்ச் மாதங்களில் மகாராட்டிரத்தில் பரந்த நிலப்பரப்பில் பெய்த ஆலங்கட்டி மழை, அறுவடைக்குக் காத்திருந்த பயிர்களையும் திராட்சை, மாதுளைத் தோட்டங்களையும் சிதைத்ததை நாடு கண்டது. 2016ஆம் ஆண்டில் தொடங்கிய பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், ஆலங்கட்டி மழையால் நேரும் சேதத்தை அந்தந்த வயலிலேயே தனியாக மதிப்பிட வழி வைக்கப்பட்டது. அதற்கு 72 மணி நேரத்திற்குள் உழவர் செய்தி தெரிவிக்க வேண்டும். அதிகாரி வயலுக்கு வரும்போது கல் இருக்காது. தழும்பும் உழவரின் சொல்லுமே இருக்கும்.

தழும்பைப் படிப்பதிலும் நிதானம் வேண்டும். விவிலியத்தின் விடுதலைப் பயண நூல் எகிப்தில் பெய்த கல்மழையை விவரிக்குமிடத்தில், கதிர்விட்டிருந்த வாற்கோதுமையும் பூத்திருந்த சணலும் அழிந்தன என்றும், பருவம் பிந்தி வரும் கோதுமை தப்பியது என்றும் குறித்து வைத்திருக்கிறது. தேர்ந்த உழவர் ஒருவரின் கண் அக்குறிப்பில் தெரிகிறது. கல்லின் பருமன் ஒன்றே சேதத்தைத் தீர்மானிப்பதில்லை. பயிர் எந்தப் பருவத்தில் நின்றது என்பதும் கணக்கில் வர வேண்டும். பிஞ்சு பிடித்த வெண்டைக்கும் நாற்று நிலையிலுள்ள வெண்டைக்கும் ஒரே கல் வெவ்வேறு தீங்கு செய்யும்.

நுரைப் பலகையும் எஃகுக் குண்டும் இல்லாத நம் ஊர்களில் என்ன செய்யலாம்? முதலில், மழையும் மின்னலும் ஓயும்வரை வெளியே செல்லாதிருக்க வேண்டும். ஓய்ந்தவுடன் கையில் கிடைத்த கற்களில் பெரியதை மட்டும் எடுக்கும் ஆசையை விடுத்து, ஒரு சிறு பரப்பில் விழுந்த எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். அவற்றின் அருகே ஓர் அளவுகோலை வைத்துப் புகைப்படம் எடுக்க வேண்டும். அளவுகோல் இல்லையேல் பத்து ரூபாய் நாணயம் போதும். அதன் விட்டம் 27 மில்லிமீட்டர். பாவூர்சத்திரத்திலும் மொராதாபாத்திலும் அது ஒன்றே. எலுமிச்சைக்கு இல்லாத அந்த நிலைத்தன்மையை அரசாங்கத்தின் நாணயச் சாலை அதற்கு அளித்திருக்கிறது. நாளையும் நேரத்தையும் இடத்தையும் பயிரின் பருவத்தையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்க வேண்டும். பள்ளி மாணவர்களுக்கு இதைக் கற்பிப்பது கடினமன்று. ஆலங்கட்டி பொறுக்க ஓடும் சிறுவர்களின் கையில் ஓர் அடிக்கோலையும் கொடுத்தனுப்பினால் போதும்.

சுண்டைக்காய் என்றவரும் அரைநெல்லி என்றவரும் எலுமிச்சை என்றவரும் தாம் கண்டதைத்தான் சொன்னார்கள். அவர்களை ஐயுறுவது நம் நோக்கமன்று. அவர்களுடைய சொல்லை வேறெவரும் ஐயுற முடியாதபடி செய்வதே நோக்கம். பொது அளவு ஒன்றோடு ஒப்பிடப்படாத சொல், வலியவர் முன்னே எளியவரின் சொல்லாகவே நின்றுவிடுகிறது. தஞ்சையில் மரக்காலை மரக்காலோடு ஒப்பிட்டுக் கல்லில் வெட்டினார்கள். கொலராடோவில் எஃகுக் குண்டை அளந்த உயரத்திலிருந்து நுரைப் பலகையின்மேல் விட்டார்கள். பாவூர்சத்திரத்துச் சந்தையில், தராசின் முத்திரையைப் பார்த்துவிட்டு உழவர் தம் மூட்டையை நிம்மதியாக இறக்கி வைக்கிறார். மேகம் பறித்துச் சென்றதைக் கணக்கிடும் நாளிலும் அந்த நிம்மதி அவருக்குக் கிடைக்க வேண்டும்.